டீம் ஃபோர்ட்ரெஸ் 2 சர்வர்: வீட்டுக்குள்ள ஓடுது, வெளியிலிருந்து யாராலும் நுழைய முடியல. உதவி தேவை

கோவை_மெடிக்:

எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் நாள்லேர்ந்து நாங்க ஒரு கூட்டமா டீம் ஃபோர்ட்ரெஸ் 2 (வால்வ் நிறுவனத்தோட ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை ஆட்டம்) ஆடிட்டு இருக்கோம். வழக்கமா போற சிங்கப்பூர் சமூக சர்வரை (வால்வ் இல்லாம ரசிகர்களே நடத்துறது) அதை நடத்தினவர் போன மாசம் மூடிட்டார். வாடகை கட்டுப்படியாகல, ஆளும் வர்றதில்லன்னு எழுதியிருந்தார். அங்க பழகினவங்களை அப்படியே விட்டுட மனசு வரல. நாமளே ஒண்ணு நடத்தலாம்னு இறங்கிட்டேன்.

பழைய டெஸ்க்டாப், 8 ஜிபி ராம், உபுண்டு. ஸ்டீம்சிஎம்டி வழியா 232250, அதாவது இந்த ஆட்டத்தோட சர்வர் மென்பொருள், இறக்கியாச்சு. 24 பேருக்கு இடம், அப்வர்ட் மேப் (ஆடுற களம்). வீட்டு வைஃபையில இருக்கிற லேப்டாப்லேர்ந்து நுழைஞ்சா அருமையா ஓடுது. ரவுட்டர்ல 27015 போர்ட்டை (சர்வருக்கு வர்ற வாசல் எண்) அந்த மெஷினுக்குத் திருப்பிவிட்டிருக்கேன். ஆனா திருச்சியில இருக்கிற நண்பன் முயற்சி பண்ணினா, 4 தடவை முயன்றும் இணைப்பு கிடைக்கலன்னு வந்து நின்னுடுது. போர்ட் சோதிக்கிற தளத்துல போட்டாலும் மூடியிருக்குன்னுதான் காட்டுது.

இன்னொரு சந்தேகமும் இருக்கு. இதைச் சரிபண்ணிட்டா வெளியாட்கள் வருவாங்களா? 2010 வாக்கில சர்வர் பட்டியலைத் திறந்தா எதுல நுழையறதுன்னு தெரியாத அளவுக்கு இருக்கும். இப்ப ஏன் இப்படி?

ஹெவி_பாண்டி:

ப்ரோ, அந்தச் சோதனைத் தளங்களை நம்பாதீங்க. பெரும்பாலும் டிசிபிங்கிற தகவல் அனுப்புற முறையைத்தான் தட்டிப் பார்க்கும். ஆட்டம் ஓடுறது யூடிபிங்கிற வேற முறையில. ரவுட்டர்ல 27015-க்கு யூடிபி போட்டிருக்கீங்களான்னு பாருங்க. டிசிபி ஆர்கானுக்கு (தூரத்திலிருந்து சர்வருக்குக் கட்டளை போடுறது) மட்டும்தான் வேணும், அதை வெளியில திறக்காம இருக்கிறதே நல்லது. சர்வர் கான்ஃபிக்ல எஸ்வி_லேன் 0-ன்னு (வீட்டு வலைக்குள்ள மட்டும் ஓடாதுன்னு அர்த்தம்) இருக்கணும். உபுண்டு ஃபயர்வால்லயும் யூடிபி திறந்திருக்கணும்.

கோவை_மெடிக்:

மூணும் பார்த்துட்டேன் ப்ரோ, எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒண்ணு மட்டும் விசித்திரமா படுது. ரவுட்டர் பக்கத்துல வெளி ஐபின்னு 100.72-ல ஆரம்பிக்கிற எண் காட்டுது. கூகுள்ல என் ஐபி என்னன்னு கேட்டா வேற எண் சொல்லுது.

டஸ்ட்பௌல்_வாசி:

தம்பி, கோளாறு அங்கதான். உங்க மெஷின்லயோ ரவுட்டர்லயோ ஒரு பிழையும் இல்ல. 100.64 முதல் 100.127 வரைக்கும் உள்ள முகவரிகள் இணைய நிறுவனங்கள் உள்ளுக்குள்ள பங்கிட்டுக்கிறதுக்குன்னே ஒதுக்கினவை. சிஜிநாட்ன்னு சொல்வாங்க. பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரி. கதவு எண்ணே இல்லாம தெருப்பேரை மட்டும் போட்டு வர்ற தபால் மாதிரி, வெளியிலிருந்து முதல்ல வர்ற பாக்கெட் (தகவல் துண்டு) யாருக்குன்னு அவங்க பெட்டிக்குத் தெரியாது, தூக்கிப் போட்டுடும். நீங்க ரவுட்டர்ல எத்தனை போர்ட் திறந்தாலும் பாக்கெட் அதுவரைக்கும் வந்தே சேராது. பழைய வகையான ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால வந்த ஏற்பாடு இது. புது வகையான ஐபிவி6 இருக்கேன்னு பார்க்காதீங்க, இந்த ஆட்டத்துக்கு அது உதவாது.

மூணு வழி இருக்கு. இணைய நிறுவனத்துக்கிட்ட நிலையான பொது ஐபி கேட்கலாம். சில இடத்துல மாசக் கட்டணத்துக்குத் தருவாங்க, சில இடத்துல வீட்டு இணைப்புக்குக் கிடையாதுன்னுடுவாங்க. இல்லேன்னா மும்பையில ஒரு விபிஎஸ் (தரவு மையத்துல ஓடுற மெய்நிகர் கணினி) வாடகைக்கு எடுக்கலாம். மூணாவது வழிக்குச் செலவே இல்ல, அதையே முதல்ல பாருங்க.

சர்வரைத் தொடங்குற வரியில, முன்னாடி ஒரு கோடு போட்டு 'எனேபிள்ஃபேக்ஐபி'ன்னு சேருங்க. அப்ப சர்வர் நேரடியா இணையத்துல காது வைக்காம, வால்வோட ரிலே வலைக்கு (நடுவுல நின்னு தகவலைக் கடத்துற சர்வர்கள்) தானே போய் இணைஞ்சுக்கும். இணைப்பு உள்ளேயிருந்து வெளிய போறதால சிஜிநாட் குறுக்கே நிக்காது, போர்ட் திருப்புற வேலையும் இல்ல. சென்னையிலயும் மும்பையிலயும் ரிலே இருக்கு, அதனால பிங் (தகவல் போய்வர்ற நேரம்) ஒண்ணும் பெருசா ஏறாது. கன்சோல்ல ஸ்டேட்டஸ் அடிச்சா 169.254-ல ஆரம்பிக்கிற முகவரியும் ஒரு போர்ட்டும் காட்டும். திருச்சி நண்பருக்கு அதைக் கொடுங்க.

ரெண்டு விஷயம் நினைப்புல வைங்க. சர்வரை நிறுத்தி ஓட்டினா அந்த முகவரி மாறிடும். அதனால சர்வருக்குத் தனியா தெரியற மாதிரி பேர் வைங்க, பட்டியல்ல பேரை வெச்சுத் தேடி வரட்டும். வெளியில இருக்கிற சர்வர் கண்காணிப்புத் தளங்களால இதை நேரடியா விசாரிக்க முடியாது. ஆனா உங்க வீட்டு ஐபி யாருக்கும் தெரியாது. தடை வாங்கினவன் கோபத்துல பாக்கெட்டைக் கொட்டி வீட்டு இணைப்பையே முடக்குற தொல்லை போச்சு. சின்ன சர்வர் நடத்தின எத்தனையோ பேர் அந்தத் தொல்லை தாங்காமலே கடையைக் கட்டினாங்க.

கோவை_மெடிக்:

அண்ணா, கோடி நன்றி! வரியைச் சேர்த்ததும் திருச்சிக்காரன் உள்ள வந்துட்டான். ராத்திரி முழுக்க ஆடினோம்.

ரெண்டாவது கேள்வி அப்படியேதான் நிக்குது. சர்வர் திறந்தே இருக்கு, பட்டியல்ல பேரும் வருது. எங்களைத் தவிர ஒரு ஜீவன் எட்டிப் பார்க்கல.

டஸ்ட்பௌல்_வாசி:

இதைக் கொஞ்சம் விரிவாவே எழுதறேன். பல வருஷமா என்னை வருத்துற விஷயம்.

2007 அக்டோபர்ல இந்த ஆட்டம் வந்தப்ப, ஆடணும்னா சர்வர் பட்டியலைத் திறந்து ஒண்ணைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகணும். அதனால நல்லா நடத்துற சர்வருக்கு ஆள் தானா வந்தாங்க. 2011 ஜூன்ல ஆட்டம் இலவசமாச்சு, புதுசா பெரும் கூட்டம் வந்தது. அந்த வருஷமே குயிக்பிளேன்னு ஒரு பொத்தானும் வந்தது. அழுத்தினா அதுவே ஏதோ ஒரு சர்வர்ல சேர்த்துவிடும். முதல்ல அது சமூக சர்வர்களுக்கும் ஆள் அனுப்பிட்டுதான் இருந்தது. 2014-ல இயல்பான தேர்வை வால்வ் தன்னோட சர்வருக்கு மட்டும்னு மாத்திடுச்சு. அந்த டிக்கை யார் போய் மாத்தப் போறாங்க? 2016 ஜூலை 7 அப்டேட்ல குயிக்பிளேயே போய், கேஷுவல் மேட்ச்மேக்கிங் (வால்வே ஆள் சேர்த்து தன் சர்வர்ல விடுற முறை) வந்தது. சமூக சர்வருக்கு வர்ற அந்த வழி அதோட அடைஞ்சுபோச்சு. பட்டியல் இன்னைக்கும் மெனுவுல இருக்கு. புதுசா வர்றவங்களை அங்க கூட்டிட்டுப் போறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல.

நியாயத்தையும் சொல்லணும். அந்தக் காலத்துல பல சர்வர்கள் நடந்துக்கிட்ட விதம் நல்லா இல்ல. நுழைஞ்சதும் முழுத்திரை விளம்பரம், பாட்களை (கணினியே ஆட்டுவிக்கிற ஆட்கள்) மனுஷங்கன்னு கணக்குக் காட்டுறது, காசு கொடுத்தவனுக்குக் கூடுதல் சக்தி. முதல் தடவை ஆட வந்தவன் அதைப் பார்த்தா ஆட்டத்தையே வெறுத்துடுவான். வால்வ் கதவைச் சுருக்கினதுக்கு அதுவும் காரணம்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா ஒழுங்கா நடத்தினவங்களும் சேர்ந்துதான் அடிவாங்கினாங்க.

இந்த ஆட்டத்தோட கதை மட்டும் இல்ல இது. 2009-ல மாடர்ன் வார்ஃபேர் 2 கணினிப் பதிப்புக்கு டெடிகேட்டட் சர்வரே (நாமளே தனியா நடத்துற சர்வர்) கிடையாதுன்னு அறிவிச்சாங்க. லட்சத்துக்கு மேல கையெழுத்து விழுந்தும் மாறல. 2011-ல பேட்டில்ஃபீல்ட் 3 வந்தப்ப சர்வர் வாடகைக்கு எடுக்கலாம், மென்பொருளை நம்ம மெஷின்ல வெச்சு ஓட்ட முடியாது. 2016-ல ஓவர்வாட்ச், 2020-ல வேலரன்ட் வந்தப்ப அந்தப் பேச்சுக்கே இடமில்ல.

இதுல என்ன போச்சுன்னா, மனுஷங்க போச்சு. ஒரே சர்வருக்கு தினமும் போனா அதே பதினைஞ்சு இருபது பேர்தான் இருப்பாங்க. யார் ஸ்பை (வேஷம் போட்டு முதுகுல குத்துற பாத்திரம்) எடுத்தா பின்னாடி பார்க்கணும்னு தெரியும். அட்மினுக்கு உங்களைத் தெரியும், வாயை விட்டா கண்டிப்பார். மேட்ச்மேக்கிங்ல ஆட்டம் முடிஞ்சா அந்த 23 பேரையும் மறுபடி பார்க்கவே மாட்டோம். சர்ஃப், ஜம்ப் மேப், ப்ராப் ஹன்ட் மாதிரி ஆட்ட வகைகள் எல்லாம் இப்படிப்பட்ட சர்வர்கள்லதான் தழைச்சது. எந்த நிறுவனமும் திட்டம் போட்டுச் செய்யல.

பைரோ_புதுசு:

மன்னிக்கணும் அண்ணா, எனக்கு அப்படித் தோணல. வேலை முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் ஆட நினைக்கிறவன் பட்டியல்ல உட்கார்ந்து தேடணுமா? பொத்தானை அழுத்தினா உடனே ஆட்டம் கிடைக்குது, ஆளும் ஓரளவு நம்ம அளவுக்கே இருக்காங்க. இது நல்லதுதானே?

டஸ்ட்பௌல்_வாசி:

நல்லதுதான் தம்பி, நானும் அழுத்துறவன்தான். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்திருக்கணும்ங்கிறதுதான் என் வருத்தம். 2020-க்கு அப்புறம் கேஷுவல் சர்வர்களை தானியங்கி ஸ்னைப்பர் பாட்கள் மொய்ச்சது நினைவிருக்கா? நுழைஞ்ச நொடியில தலையில சுடும், சாட்ல குப்பையைக் கொட்டும். தூக்கி வெளிய போட அட்மின்னு ஒருத்தர் கிடையாது, வாக்கெடுப்பு மட்டும்தான். அதுக்கும் பாட்களே கூட்டமா வந்து வாக்குப் போடும். 2022 மே மாசமும் 2024 ஜூன் மாசமும் ரசிகர்கள் திரண்டு வால்வைக் கேட்டாங்க. இடைப்பட்ட வருஷங்கள்ல நிம்மதியா ஆட முடிஞ்சது அட்மின் இருந்த சமூக சர்வர்கள்லதான்.

இன்னொண்ணும் பாருங்க. 2014 மே கடைசியில, பல ஆட்டங்களுக்கு ஆன்லைன் சேவை தந்த கேம்ஸ்பை மூடினப்ப, 2003-ல வந்த ஹேலோ கணினிப் பதிப்புக்கு ரசிகர் சமூகம் நடத்துற மாஸ்டர் சர்வருக்கு (சர்வர் பட்டியலைக் கொடுக்கிறது) மாறுற மாதிரி பேட்ச் வந்தது, ஆட்டம் பிழைச்சது. 2023 ஜனவரியில எபிக் பழைய அன்ரியல் டூர்னமென்ட்களோட ஆன்லைன் சேவையை நிறுத்தினப்பவும் ரசிகர்களோட மாஸ்டர் சர்வர்கள் ஓடிட்டு இருந்தது. சர்வர் மென்பொருள் ஆடுறவங்க கையில இருந்ததால அது முடிஞ்சது. 2024 மார்ச் 31-ல யுபிசாஃப்ட் தி க்ரூங்கிற கார் ஆட்டத்தோட சர்வரை அணைச்சதும் காசு கொடுத்து வாங்கினவன்கூட தனியா ஒரு கார் ஓட்ட முடியல. அதுக்கு எதிரா எழுந்த ஐரோப்பிய மனு 2025 ஜூலையில 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டிடுச்சு. உங்ககிட்ட இருக்கிற அந்த 232250 சாதாரணப் பொருள் இல்ல.

மீனா_டெமோ:

கோவை_மெடிக், நான் ஒரு சின்ன சர்வர் நடத்துறேன், அதனால நடைமுறையா சொல்றேன். சர்வரை 24 மணி நேரமும் திறந்து வெச்சு ஆளுக்குக் காத்திருக்காதீங்க. காலி சர்வர்ல யாரும் நுழைய மாட்டாங்க. ஆள் இருக்கிற சர்வரை மட்டும் காட்டுன்னு பலர் ஃபில்டர் போட்டு வெச்சிருப்பாங்க, அவங்க கண்ணுலயே உங்க பேர் படாது. நாள், நேரம் ரெண்டையும் முடிவு பண்ணுங்க, வெள்ளி ராத்திரி 9 மணின்னு வைங்க. உங்க நண்பர்கள் 5, 6 பேர் அந்த நேரத்துக்கு உள்ள இருந்தே ஆகணும். பட்டியல்ல ஆறு பேர் தெரிஞ்சா ஏழாவது ஆள் வருவார்.

24 இடம் இப்ப வேண்டாம், 16 வைங்க. 6/24 பார்க்க வெறிச்சோடித் தெரியும், 6/16 பரவாயில்ல. மேப்பும் சின்னதா போடுங்க. ஆறு பேரை அப்வர்ட்ல விட்டா ஒருத்தரை ஒருத்தர் தேடிட்டுத்தான் நடப்பீங்க, கிங் ஆஃப் தி ஹில் மேப் (நடுவுல ஒரே இடத்துக்குப் போட்டி) எடுங்க. எஸ்வி_ரீஜன் 4 போட்டா ஆசியாவுல காட்டும். பாட் சேர்க்கிறதுல தப்பில்ல, ஆனா பட்டியல்ல பாட்னே தெரியட்டும். மனுஷங்கன்னு காட்டுற ப்ளக்இன் (சர்வரோட சேர்க்கிற கூடுதல் மென்பொருள்) எதையும் தொடாதீங்க. ஏமாந்து நுழைஞ்சவர் திரும்ப வரவே மாட்டார்.

முக்கியமா, ஆட்டத்துக்கு அப்டேட் வந்தா சர்வரையும் அன்னைக்கே அப்டேட் பண்ணணும், பதிப்பு ஒத்துப்போகலன்னா யாரும் நுழைய முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஒரு தடவை பார்த்துடுங்க.

புதுசா வந்தவர்கிட்ட பேசுங்க. பேரைச் சொல்லி ஒரு வணக்கம், அடுத்து என்ன மேப் வேணும்னு ஒரு கேள்வி. என் சர்வர்ல நிலைச்சவங்க எல்லாரும் அப்படி வந்தவங்கதான்.

கோவை_மெடிக்:

மீனா அக்கா சொன்னபடியே செஞ்சோம். 16 இடம், வயடக்ட் மேப், வெள்ளி 9 மணி. பத்து மணி வாக்கில ரெண்டு வெளியாட்கள் வந்தாங்க. ஒருத்தர் ஹைதராபாத், அடுத்த வாரமும் இதே நேரமான்னு கேட்டுட்டுப் போனார். இன்னொருத்தர் மெடிக் எடுத்து கடைசி வரைக்கும் எங்க ஹெவியை விட்டு நகரவே இல்ல, மைக் இல்லாததால சாட்லயே பேசினார். ஞாயித்துக்கிழமையும் சேர்க்கலாமான்னு யோசிச்சிட்டு இருக்கோம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அட்மின் வேலைக்கு சோர்ஸ்மாட்ங்கிற கூடுதல் மென்பொருள் போட்டிருக்கேன். நேத்து அப்டேட்டுக்கு அப்புறம் சர்வர் தொடங்கின உடனே விழுந்துடுது.

மீனா_டெமோ:

பெரிய அப்டேட் வந்தா அப்படி நடக்கும். மெட்டாமாடையும் (சோர்ஸ்மாட் இது மேலதான் ஓடும்) சோர்ஸ்மாடையும் கழட்டிட்டு வெறும் சர்வர் நிக்குதான்னு முதல்ல பாருங்க. நின்னா, ரெண்டோட புதுப் பதிப்பையும் இறக்குங்க. அதுக்கப்புறமும் விழுந்தா வெளி ப்ளக்இன் எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒவ்வொண்ணா சேருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா ப்ளக்இன் இல்லாமலே ஓட்டுங்க. ஆர்கான் வழியா ஆளை வெளியேத்தலாம், ஒரு ராத்திரிக்கு அது போதும். சர்வர் பேரை இங்க போடுங்க, நானும் வர்றேன்.