புதுப்பிப்பு: காலைத் தாள் மட்டும் எழுதினால் அட்டெம்ப்ட் கணக்கா?

முன்பு கேட்டிருந்தேன்: ஐஏஎஸ் உள்ளிட்ட பணிகளுக்கு யுபிஎஸ்சி நடத்தும் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் காய்ச்சலோடு காலைத் தாளை மட்டும் எழுதிவிட்டு, மதியம் சிசாட் எனும் திறனறித் தாளுக்குப் போகாமல் வீடு திரும்பினேன், அது ஒரு அட்டெம்ப்டாக (வாய்ப்பாக) கணக்கில் வருமா என்று. வரும். ஒரு தாளுக்கு உட்கார்ந்தாலே ஒரு வாய்ப்பு போச்சு. அதற்கு முந்தைய வருடம் விண்ணப்பித்துவிட்டு ஹால் டிக்கெட்டோடு வீட்டிலேயே இருந்தேனே, அது மட்டும் கணக்கில் இல்லை. ஆக, சோம்பேறித்தனம் காப்பாற்றியது, பொறுப்பு கவிழ்த்தது!

பொதுப் பிரிவுக்கு 6 வாய்ப்பு, ஓபிசிக்கு (இதர பிற்படுத்தப்பட்டோர்) 9, எஸ்சி, எஸ்டிக்கு வயது இருக்கும்வரை எழுதலாம்.

வயது வரம்பு விஷயத்தில் முன்பு தப்பாக எழுதியிருந்தேன். பொதுப் பிரிவின் உச்ச வயதான 32 என்பது தேர்வு நாளன்று பார்ப்பதல்ல, அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று 32 நிறைந்திருக்கக் கூடாது. ஆகஸ்ட் 1இல் பிறந்தவருக்கு ஒரு வருடம் போய்விடும், 2இல் பிறந்தவர் தப்பிப்பார். ஓபிசிக்கு 3 ஆண்டு கூடுதல், எஸ்சி, எஸ்டிக்கு 5. ஈடபிள்யூஎஸ் (பொதுப் பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தோர்) பிரிவுக்கு இந்தத் தளர்வு கிடையாது.

அப்புறம், ஓபிசி சலுகைக்கு நம்ம ஊர் பிசி, எம்பிசி சான்றிதழை நம்பி இருக்காதீர்கள். மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் (வசதி படைத்தோர் பிரிவில்) இல்லை என்ற ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். என்னுடையது இன்னும் தாலுகா ஆபீஸில் இருக்கிறது.