பேஸ் கிட்டாருக்கு பிளாட் கம்பி: போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஹட்டன் பேஸ்:

ஞாயிறு ஆராதனைக்கும், அப்புறம் கூப்பிடுகிற கல்யாண வீடுகளுக்கும் பேஸ் வாசிக்கிறேன். கையில் இருப்பது ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸ் பாணியில் செய்த பழைய கிட்டார், மூன்று கை மாறி வந்தது. இவ்வளவு காலமும் ரவுண்ட் கம்பிதான். நம் பக்கத்து ஈரம் தெரியும்தானே. ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் சுவரே வியர்க்கும். புதுக் கம்பி போட்டு ஆறு வாரத்தில் பளபளப்பு போய்விடும், இரண்டு மாதத்தில் விரல் நுனியில் கறுப்பு ஒட்டும்.

போன வருடம் எனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் மூட்டு வலியால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டார். ஒருநாள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே சுருட்டி வைத்த நாலு கம்பி. "பிளாட். பதினோரு வருசம் வாசிச்சது. துடைச்சிட்டுப் போடு" என்றார். பதினோரு வருடப் பழைய கம்பியா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். மரியாதைக்காகத்தான் போட்டேன். அவருடைய கிட்டாரும் என்னுடையது மாதிரி 34 இன்ச் கம்பி நீளம் என்பதால் சுருதி ஆணியில் சுற்றியிருந்த வளைவுகள் என் கிட்டாரிலும் அப்படியே உட்கார்ந்தன.

எங்கள் தேவாலயத்துக்குச் சீமெந்துத் தரை, தகரக் கூரை. ரவுண்ட் கம்பியில் ஒரு சுரத்தை விட்டால் அது கூரைக்குப் போய்த் திரும்பி வந்து அடுத்த சுரத்தின் மேல் உட்காரும். அந்த ஞாயிறு அப்படி ஆகவில்லை. மிருதங்கத்தின் தொப்பியில் உள்ளங்கை பட்ட மாதிரி 'தொம்' என்று விழுந்து அடங்கியது. விரலை நகர்த்தும்போது வரும் 'கீச்' சத்தமும் காணவில்லை. சவுண்ட் பார்க்கிற தம்பி ஆராதனை முடிந்ததும் ஓடி வந்து, "அண்ணே, புது ஆம்ப் எடுத்தீங்களா?" என்று கேட்டான்.

தெரியாதவர்களுக்கு: இரண்டிலும் நடுவில் ஒரு உருக்குக் கம்பி ஓடும். அதன் மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றினால் ரவுண்ட். ரிப்பன் மாதிரித் தட்டையான கம்பியைச் சுற்றினால் பிளாட். மேடு பள்ளம் இல்லை, அதனால் விரலும் வழுக்கும், அழுக்கும் குறைவாகத் தங்கும், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃபிரெட்டும் சீக்கிரம் தேயாது.

இப்போது பிரச்சினை, ஜி கம்பியின் நுனியில் சுற்றியிருக்கிற பட்டு நூல் பிரிய ஆரம்பித்துவிட்டது. புது செட் வாங்க வேண்டும். எந்தத் தடிமன், எந்த வகை? வாங்கிப் போட்டவர்கள் பட்டதைச் சொல்லுங்கள்.

பண்டாரவளை பைலா:

அண்ணே, நான் பட்டது வேறு மாதிரி. முதலில் அதைக் கேளுங்கள், பிறகு காசைச் செலவழியுங்கள்.

பழைய பாட்டுகளின் பேஸ் பிடிக்கும் என்பதற்காக டடாரியோ குரோம்ஸ் என்ற பிளாட் செட் ஒன்றை, 45–100 அளவில் (மெல்லிய கம்பியிலிருந்து தடித்தது வரை, இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு), வெளிநாட்டிலிருந்து வந்த மாமா மூலம் எடுத்தேன். வீட்டில் ஹெட்போனில் கேட்டால் சொர்க்கம். இளையராஜா பாட்டு என்றால் பேஸும் கூடவே ஒரு பாட்டுப் பாடும் இல்லையா, அது ஒவ்வொரு சுரமாகத் தெளிவாக வந்தது. அந்த உற்சாகத்தோடு ஒரு தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனேன். லொறிதான் மேடை. ஜெனரேட்டர் கரண்ட், மரத்தில் கட்டிய இரண்டு புனல் ஸ்பீக்கர், கீழே சின்னதாக இரண்டு பெட்டி. நாலு மணி நேரம் விரல் கன்றிப்போகும் வரை வாசித்தேன். இறங்கி வந்தால் பெரியப்பா கேட்கிறார்: "ஏன்டா, நீ மேலே நின்னுக்கிட்டுதானே இருந்தே? வாசிக்கலையா?"

அன்றைக்கு ஆத்திரம். பிறகு யோசித்தபோதுதான் விளங்கியது. பேஸில் ஆகத் தடித்த ஈ கம்பியை அழுத்தாமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்தப் புனலால் அதைத் தொடக்கூட முடியாது. அந்த மாதிரி ஸ்பீக்கரில் நாம் பேஸ் என்று கேட்பதெல்லாம் அதற்கு மேலே வரும் 82, 123 என்ற கிளை அதிர்வுகளைத்தான். காது அவற்றை வைத்து அடிச் சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. பிளாட்டில் அந்த மேல் அதிர்வுகள், அதிலும் உயரமானவை, குறைவு. அடியைப் பெட்டி விழுங்கிவிட்டது, மேலே கொடுக்கக் கம்பியிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

பைலா ஆட்டப் பாட்டுக்கும் அதே கதை. ஆறு எட்டுத் தாளத்தில் ஒக்டோபேட் மின் தாளமும் ரிதம் கிட்டாரும் நிறைந்து நிற்கும்போது பேஸ் கொஞ்சம் 'டங்' என்று கடிக்க வேண்டும். இப்போது என்னிடம் இரண்டு கிட்டார்: ரவுண்ட் போட்டது வெளி நிகழ்ச்சிக்கு, பிளாட் போட்டது மண்டபத்துக்கும் ஒலிப்பதிவுக்கும். இரண்டு வைத்துக்கொள்ள வசதி இல்லாதவர், எங்கே அதிகம் வாசிக்கிறார் என்று பார்த்து முடிவெடுக்கட்டும்.

தலவாக்கலை ரிப்பேர்:

நான் வாசிப்பதைவிடத் திருத்துவதுதான் அதிகம். பிளாட் போட்டுவிட்டு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கம்பியைக் குறை சொல்லிக்கொண்டு வருவார்கள். பார்த்தால் கழுத்து வளைந்திருக்கும்.

போன மார்கழியில் ஒரு தம்பி வந்தார். 40–95 ரவுண்ட் கிடந்த கிட்டாரில் ஒரேயடியாக 52–110 பிளாட் ஏற்றியிருக்கிறார். ஏன் என்று கேட்டால், ஜேமர்சன் போட்டது அதுதானாம். உண்மைதான். அமெரிக்காவின் மோட்டவுன் கம்பெனி ஒலிப்பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனில் லா பெல்லா கம்பெனியின் அந்தத் தடித்த பிளாட்டைத்தான் வைத்திருந்தார், அறுந்தால் தவிர மாற்றவும் மாட்டார். ஆனால் தம்பியின் கிட்டார் கழுத்து வில் மாதிரி முன்னால் வளைந்துவிட்டது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பிக்கு அடியில் இரண்டு ஐந்து ரூபாக் குற்றியை அடுக்கி நுழைத்துக் காட்டினேன். முகம் சுருங்கிப்போனது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி போதும். அதிகம் இருந்தால் கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டை வலஞ்சுழியாகக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் இறுக்கி, ஒரு இரவு விட்டுப் பாருங்கள். மரம் மெதுவாகத்தான் பேச்சைக் கேட்கும், நம் குளிரில் இன்னும் மெதுவாக. அப்புறம் நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் கட்டையில், இருக்கும் காடி. மெல்லிய கம்பிக்கு வெட்டிய காடியில் 110 இறங்காது, மேலேயே தொங்கும், முதல் ஃபிரெட்டில் சுருதி ஏறிக் கேட்கும். அரம் போட வேண்டும். கடைசியாகப் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் சுருதி சரிபார்த்து, பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலை நகர்த்துங்கள்.

இன்னொன்று, இது நானே பட்டது. பிளாட் கம்பியை ஆணியில் பொருத்தும்போது நீளம் அதிகம் என்று நேராக வெட்டிவிட்டேன். நடுக் கம்பியின் பிடி விட்டு, மேலே சுற்றிய ரிப்பன் தளர்ந்து, ஒரு புது ஈ கம்பி ஐந்து நிமிடத்தில் செத்துப்போனது. முதலில் நுனியைச் செங்குத்தாக மடக்குங்கள். மடக்கிய இடத்துக்கு அப்பால் வெட்டுங்கள்.

தடிமன் கேட்டீர்கள். உங்கள் பழைய செட்டின் ஈ கம்பியை அளந்து பாருங்கள். 2.7 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் அது 105. கழுத்து அதற்குப் பழகியிருக்கிறது, அதையே வாங்குங்கள். விரலுக்கு இலகுவாக வேண்டுமென்றால் தோமாஸ்டிக் ஜாஸ் பிளாட், 43–100, இழுவிசை குறைவு, வியன்னாவில் செய்வது. விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள். பிளாட் என்றாலே மெதுப் பாட்டுக்குத்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பது ரோட்டோசவுண்ட் பிளாட், 50–110. 1951இல் பிரிசிஷன் வந்தபோது அதில் பூட்டியிருந்ததே பிளாட்தான். ரவுண்ட் பேஸுக்குப் பரவியது அறுபதுகளில்தான்.

நுவரெலியா டீச்சர்:

பாடசாலை கொயருக்கு நான்தான் பேஸ். சின்னக் கை, 30 இன்ச் கிட்டார். ஜனவரிக் காலையில் கம்பியைத் தொட்டால் பனிக்கட்டி.

2022இல் பிளாட் வாங்கத் துணிந்தேன். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தாண்டிவிட்டது. யோசித்துக்கொண்டே இருந்ததில் செட்டின் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பானது. கடைசியில் இணையத்தில் மலிவாக ஒருவரிடம் எடுத்தேன். பெட்டியில் பிளாட் என்று இருந்தது. நகத்தால் நீளவாக்கில் உரசினால் 'கர்ர்' என்றது. ரவுண்ட். காசு திரும்பி வரவில்லை. இப்போது யார் கேட்டாலும் முதலில் நகத்தால் உரசச் சொல்கிறேன்.

பிறகு போட்டது கறுப்பு நைலோன் நாடா சுற்றியது. பிளாட்டுக்கு உறவுக்காரி மாதிரி. பார்க்கத் தடிப்பு, ஆனால் இழுவை குறைவு, விரலுக்குக் குளிரவும் இல்லை. ரிப்பேர் அண்ணன் சொன்ன நட்டுக் காடி வேலை இதற்கும் உண்டு. நீளத்தைக் கேட்டு வாங்குங்கள். 34 இன்ச்சுக்கான செட்டைக் குட்டைக் கிட்டாரில் போட்டால் தடித்த பகுதியே ஆணியில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

பண்டாரவளை பைலா:

டீச்சர், அந்த நைலோன் கம்பி புனல் ஸ்பீக்கரில் கேட்குமா?

நுவரெலியா டீச்சர்:

எங்களுக்கு ஸ்பீக்கரே இல்லை தம்பி. ஒரு ஆம்ப், அறுபது பிள்ளைகள்.

ஹட்டன் பேஸ்:

எல்லோருக்கும் நன்றி. அளந்தேன், 105தான். அதே அளவில் லா பெல்லா 45–105 எடுத்தேன். கொழும்பிலிருந்து உடரட்ட மெனிக்கே ரயிலில் வந்த நண்பர் ஸ்டேஷனில் கையில் தந்தார். கழுத்தில் கை வைக்க வேண்டியே வரவில்லை, சேடில் மட்டும் கொஞ்சம் நகர்த்தினேன். நுனியை மடக்கித்தான் வெட்டினேன், ரிப்பேர் அண்ணே.

ஆனால் புதுசு நான் நினைத்ததைவிடப் பளிச்சென்று கேட்கிறது. ஏமாற்றமாக இருந்தது. மாஸ்டரைக் கூட்டி வந்து வாசித்துக் காட்டினேன். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டும் தட்டில் முப்பது வருடம் நின்றவர். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இன்னும் பச்சைக் கொழுந்துடா. வாடட்டும்" என்றார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். "நீ எவ்வளவு வாசிக்கிறியோ" என்றார்.

பழைய ஈ, ஏ, டி மூன்றையும் துடைத்து அதே பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். யாரிடமாவது உதிரியாக ஒரு பழைய பிளாட் ஜி கம்பி இருந்தால் சொல்லுங்கள், 45 அளவு.