டின் சூரை: லேபிள் ஒன்று, உள்ளே வேறொன்று. எங்கே புகார் கொடுப்பது?

கூத்தாநல்லூரான்:
திருவாரூர் மாவட்டத்தில் சில கடைகளில் குருவிகள் (வெளிநாட்டிலிருந்து பயணப் பையில் சரக்கு கொண்டுவருபவர்கள்) கொண்டுவரும் டின் மீன் விற்கிறது. 'டூனா, 185 கிராம்' என்று போட்டிருக்கிறது, அதாவது சூரை மீன். வடித்த எடை (தண்ணீரை வடித்தபின் மீனின் எடை), இறக்குமதியாளர் முகவரி, 14 இலக்க உணவு பாதுகாப்பு உரிம எண் எதுவும் இல்லை. காலாவதித் தேதி மேல் ஒரு ஸ்டிக்கர். திறந்தால் பாதி உப்புத்தண்ணீர். மீனும் சூரையாகத் தெரியவில்லை, கானாங்கெளுத்தி மாதிரி இருக்கிறது. திறந்த டின்னையே புகாரோடு கொடுக்கலாமா? நடவடிக்கை யார் மேல் வரும்?

நாகை நெய்தல்:
திறந்த டின்னை வைத்து வழக்கு நிற்காது. அதே பேட்ச் எண்ணுள்ள மூடிய டின்கள் கடையில் இருக்கும்போதே புகார் போக வேண்டும். உணவு பாதுகாப்பு அலுவலர் மாதிரியை நான்கு பாகமாக எடுப்பார். ஒவ்வொரு பாகத்துக்கும் முழு டின்கள் வேண்டும். ஒன்றிரண்டுதான் மிச்சம் என்றால் மாதிரி எடுப்பதே சிக்கல். அதனால் கடைக்காரரிடம் முதலில் சண்டைக்குப் போகாதீர்கள், மறுநாள் அலமாரி காலியாகிவிடும்.

ஒரு பாகம் பகுப்பாய்வாளருக்குப் போகும். நமக்குப் பக்கத்தில் இருப்பது தஞ்சாவூர் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம். இரண்டு பாகம் மாவட்ட உணவு பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவது, கடைக்காரர் கேட்டால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு. அறிக்கைக்கு 14 நாள், அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

புகாருக்குத் தமிழ்நாடு உணவு பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. மூடியில் உள்ள பேட்ச் எண், பில், கடைப் பலகை, ஸ்டிக்கரின் ஓரம் எல்லாம் படத்தில் தெளிவாக இருக்கட்டும். ஸ்டிக்கரை உரிக்கவே உரிக்காதீர்கள். இறக்குமதியாளர் முகவரி, உரிம எண், அசைவக் குறி இவற்றை ஸ்டிக்கராக ஒட்ட விதியில் இடமுண்டு. தேதியை மறைத்து ஒட்ட இடமில்லை. புகாரில் இதைப் பிரித்து எழுதுங்கள்.

வேதை உப்பளம்:
எடை விஷயத்தில் பலரும் தடுமாறுவார்கள். தண்ணீரும் நிகர எடையில் சேரும். ஆக, 185 கிராம் சரியாகவே இருக்கும், மீன் மட்டும் குறையும். அதனால்தான் திரவத்தில் அடைத்த உணவுக்கு வடித்த எடையைத் தனியாகப் போடச் சொல்கிறது 2020 லேபிள் விதி. அது இல்லாததே தவறு. மொத்த எடையே குறைந்தால் அது தொழிலாளர் துறை அமலாக்கப் பிரிவின் வேலை. 185 கிராமுக்கு 4.5%, அதாவது சுமார் 8 கிராம் வரை குறைவு பொறுக்கப்படும்.

வடித்த எடைக்கு கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர விதிகள்) முறை: டின்னை 20–30 டிகிரியில் 12 மணி நேரம் வைத்து, 2.8 மி.மீ. கண் சல்லடையில் கொட்டி, 17–20 டிகிரி சாய்த்து, 2 நிமிடம் வடியவிட்டு நிறுக்க வேண்டும். கையால் பிழிந்தால் கணக்கே தப்பு.

மீன் இனம்தான் சந்தேகம் என்றால் மரபணுச் சோதனை வேண்டும் என்று புகாரிலேயே குறிப்பிடுங்கள். வழக்கமான இரசாயனச் சோதனை அதைச் சொல்லாது. டின்னில் சுமார் 120 டிகிரியில் வெந்த மீனின் மரபணு துண்டு துண்டாகிவிடும், அதற்கேற்ற சோதனையாக இருக்க வேண்டும்.

கூத்தாநல்லூரான்:
நன்றிங்க. ஒரு டின் காரைக்காலில் வாங்கியது. அதற்கும் இதே எண்ணா?

நாகை நெய்தல்:
இல்லை, காரைக்கால் புதுச்சேரி அரசின் உணவு பாதுகாப்புத் துறைக்கு உட்பட்டது. தமிழ்நாட்டு அலுவலருக்கு அங்கே அதிகாரம் கிடையாது.

யார் மேல் வரும் என்று கேட்டிருந்தீர்கள். மொத்த வியாபாரி தரும் பில்லே சட்டப்படி உத்தரவாதமாகக் கொள்ளப்படும். குருவிச் சரக்குக்கு ஏது பில்? முழுப் பழியும் கடைக்காரர் தலையில்தான். தவறான லேபிளுக்கு 3 லட்சம், தரம் குறைந்ததற்கு 5 லட்சம் வரை அபராதம். மாவட்ட வருவாய் அலுவலர் விசாரிப்பார். பாதுகாப்பற்ற உணவு என்று அறிக்கை வந்தால் உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

வேதை உப்பளம்:
பாதுகாப்பற்றது என்றதும் உப்பிய டின்னை மட்டும் நினைக்காதீர்கள். சூரை, கானாங்கெளுத்தி, சாளை இவற்றை ஐஸ் போடாமல் வைத்திருந்து அடைத்தால் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமை போன்ற விளைவு தரும் பொருள் சேரும். டின்னை வேகவைக்கும் சூட்டிலும் அது அழியாது, டின்னும் உப்பாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து அரிப்பு வந்தால் மருத்துவரிடம் மீன் சாப்பிட்டதைச் சொல்லுங்கள், அவர் தரும் மருந்துச் சீட்டையும் புகாரோடு சேருங்கள்.