மாமாவும் சித்தப்பாவும் ஒரே சொல்லில் அடங்கினால் அதற்கு என்ன பெயர்?

பொன்னி:
குழுவினருக்கு வணக்கம். முதுகலை வகுப்புக்கான மொழி வரலாற்றுப் பாடத்தில் ஓர் இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இடைக்கால ஆங்கிலத்தில் உறவுச் சொற்கள் எப்படிப் பொருள் மாறின என்பதுதான் பாடம். பழைய ஆங்கிலத்தில் நம்மைப் போலவே நால்வருக்கும் தனித்தனிச் சொல் உண்டு. அப்பாவின் சகோதரன் ஃபேடெரா, அம்மாவின் சகோதரன் எயாம், அப்பாவின் சகோதரி ஃபாதூ, அம்மாவின் சகோதரி மோட்ரியெ. 1066இல் நார்மன்கள் வந்தபின் பிரெஞ்சிலிருந்து அங்கிளும் ஆண்ட்டும் நுழைந்து நான்கை இரண்டாக்கிவிட்டன. அப்பா வழி, அம்மா வழி என்ற வேறுபாடு சொல்லில் இல்லாமல் போகும் இந்த மாற்றத்துக்கு ஒரு கலைச்சொல் வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, ஒவ்வொரு தடவையும் விரித்து எழுத முடியாது. இப்போதைக்கு 'முறைமயக்கம்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

நன்னூலான்:
நல்ல சொல். தொல்காப்பியப் பெயரியல் இவற்றை முறைப்பெயர் என்றே சொல்கிறது, ஆகவே 'உறவுச் சொல்' என்று புதிதாகப் புனைய வேண்டியதில்லை. மயக்கமும் இலக்கணத்தில் ஊறிய சொல்தான். உருபு மயக்கம், திணை மயக்கம், மெய்ம்மயக்கம் எல்லாவற்றிலும் கலத்தல் என்பதே பொருள். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

கரிசல்:
ஐயா, இலக்கணம் படித்தவர்களுக்குத்தான் மயக்கம் என்றால் கலத்தல். எங்கள் ஊர்ப் பக்கம் 'முறை மயங்கிப்போச்சு' என்று சொல்லிப் பாருங்கள், யார் யாரை இழுத்துக்கொண்டு போனார்கள் என்று கேட்பார்கள். தங்கச்சி முறை ஆகிறவளைக் கட்டிக்கொண்டவனைப் பற்றிய பேச்சு அது. வகுப்பில் முதல் வரியிலேயே சிரிப்பு கிளம்பிவிடும். 'அப்பா பக்கம்', 'அம்மா பக்கம்' என்றுதானே வீட்டில் பேசுகிறோம்? ஆங்கிலத்தில் தொலைந்தது அந்தப் பக்கம்தான். 'பக்கமழிவு' என்று வைக்கலாமே.

நன்னூலான்:
பக்கம் என்பது பக்ஷத்தின் திரிபு. கலைச்சொல் ஆக்குகிறபோதாவது வடசொல்லை விடக்கூடாதா? மருங்கு இருக்கிறதே! பக்கம் என்றும் பொருள், சுற்றம் என்றும் பொருள். குறளில் சுற்றந்தழால் அதிகாரத்தில் 'மருங்குடையார் மாநிலத்து இல்' என்று வருவது சுற்றம் உடையவரைத்தான். 'மருங்கழிவு' என்றால் பக்கமும் உறவும் ஒரே சொல்லில் அமைந்துவிடும்.

கரிசல்:
பகு, பகல், பகுதி, பக்கம். இதில் பக்ஷம் எங்கே வந்தது? மருங்கு என்றால் இடுப்பு என்றாவது தெரிந்தவர்களே இன்று குறைவு. தெரிந்தவர்கள் 'மருங்கழிவு' என்று படித்தால் எலும்பு மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்கள்.

நன்னூலான்:
கேலி வேண்டாம் தம்பி. மரு என்ற அடியை எண்ணிப் பாருங்கள். மருவுதல், மருமகன், மருமான், மருங்கு எல்லாம் நெருங்கிச் சேர்தல் என்ற ஒரே கருத்திலிருந்து கிளைத்தவை என்பது என் துணிபு. மருமகன் என்பவன் மருவிய மகன். உறவைப் பற்றிய கலைச்சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எது? மருதம், மருள் இவற்றையும் இதனோடு சேர்த்து நோக்க இடமுண்டு. நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுகிறேன்.

யாழ்:
வணக்கம். ஒரு விசயத்தை ஒருவரும் சொல்லக் காணேல்லை. அங்கிள் என்ற சொல் லத்தீன் அவுங்குலுஸிலிருந்து வந்தது, அதன் பொருள் தாயின் சகோதரன் மட்டும். ஆண்ட் வந்தது அமிதாவிலிருந்து, அது தகப்பனின் சகோதரி. எங்கட ஊர்ச் சொல்லில் அம்மானும் மாமியும். சித்தப்பாவுக்கு லத்தீனில் இருந்த பத்ரூஸும், சின்னம்மாவுக்கு இருந்த மாதெர்தெராவும் பிரெஞ்சுக்கு வந்து சேரவே இல்லை. ஆகவே இது இரண்டு சொல் கலந்த கதை அல்ல. அம்மான் என்ற சொல் குஞ்சியப்பாவின், அதாவது சித்தப்பாவின், இடத்தையும் பிடித்துக்கொண்ட கதை. அந்த வகையில் மயக்கம் என்பதே பிழை என்று நினைக்கிறேன்.

நன்னூலான்:
அருமை. இரண்டு மருங்கிலும் வென்றது மாமனும் அத்தையும் என்றால், அங்கேயும் தாய்மாமனுக்கு ஒரு தனி இடம் இருந்திருக்கிறது! பியோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் தலைவன் ஹ்யூகெலாக் அரசனின் சகோதரி மகன். 991இல் நடந்த மால்டன் போரைப் பாடும் கவிதையிலும் தலைவன் பிர்த்னோத்தோடு நின்று வெட்டுப்பட்டவனை அவன் சகோதரி மகன் என்றே கவிஞர் அடையாளம் காட்டுகிறார்.

தரவு:
ஐயா, சகோதரி மகன் கதைகள் உண்மைதான். ஆனால் அங்கிள், ஆண்ட் வென்றதற்கும் அதற்கும் முடிச்சுப் போட முடியாது. அந்த வெற்றி பிரெஞ்சுக்குள் நடந்து முடிந்த விசயம், ஆங்கிலம் கடன் வாங்கியபோது சொற்கள் ஏற்கெனவே இரு பக்கத்துக்கும் பொதுவாகிவிட்டன.

பொன்னிக்கு ஒரு திருத்தம். 1066ஐப் படித்தவுடன் அடுத்த ஆண்டே நடந்ததுபோல் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசரின் டிராய்லஸ் காவியத்தில் பாண்டரஸ் ஒரே நாயகிக்கு ஓரிடத்தில் 'எம்' (பழைய எயாம்தான்), இன்னோரிடத்தில் 'அங்கிள்'. முந்நூறு ஆண்டு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் புழங்கியிருக்கின்றன. படையெடுப்பை மட்டும் காரணமாகச் சொல்வதும் போதாது. ஜெர்மானியரை எந்த நார்மனும் வெல்லவில்லை, அவர்களும் தாய்மாமனைக் குறித்த ஓஹைமை விட்டுவிட்டு ஓங்கெல், தான்டெ என்று பிரெஞ்சிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். சித்தப்பாவைக் குறித்த ஃபெட்டர் இன்று அங்கே சித்தப்பா மகன், மாமா மகன் எல்லாரையும் குறிக்கிறது.

'நம்மைப் போலவே' என்பதையும் எடுத்துவிடுங்கள். 1928இல் மானிடவியலாளர் லோவி உறவுமுறைகளை நான்கு வகையாகப் பிரித்தார். பழைய ஆங்கிலம் ஒரு வகை, நம்முடையது வேறு. நமக்குச் சித்தப்பா மகன் தம்பி. அவர்களுக்கு அவன் ஃபேடெரன் சுனு, சிற்றப்பன் மகன், அவ்வளவுதான். தம்பி ஆகமாட்டான்.

நன்னூலான்:
பியோவுல்ஃப் பேச்சு வந்ததால் ஒன்று. அதில் ஹ்ரோத்கார் அரசனையும் அவன் தம்பி மகன் ஹ்ரோதுல்ஃபையும் சேர்த்து 'சுஹ்தர்யெஃபேடெரான்' என்று ஒரே சொல்லால் குறிக்கிறார் கவிஞர். தம்பி மகனும் பெரியப்பனும் என்று பொருள். அசல் உம்மைத்தொகை! 'உயர்திணை உம்மைத்தொகை பலரீறே' என்ற நன்னூல் விதிப்படி ஈறும் பன்மை. சேரசோழபாண்டியர் என்பது போல. இரண்டு உறவையும் பிணைத்து ஒரு சொல்லாக்கத் தெரிந்த மொழி, பிற்காலத்தில் அவற்றைப் பிரித்துச் சொல்லவே மறந்துபோனது.

கரிசல்:
ஐயா, இது பிரமாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை அச்சு.

யாழ்:
எனக்குப் 'பக்கமழிவு' சம்மதம். வேர் எதுவானாலும் பிள்ளைகளுக்கு விளங்கும்.

தரவு:
அங்கிள், ஆண்ட்டுக்குப் பொருந்தும். நெஃப்யூவுக்குப் பொருந்தாது. லத்தீன் நெபோஸ் பேரனையும் குறிக்கும், சகோதர சகோதரிகளின் மகனையும் குறிக்கும். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவில்கூட நெஃப்யூ என்றால் பேரன்மார். அங்கே கலந்து கிடப்பது பக்கம் அல்ல, தலைமுறை. பழைய ஆங்கில நெஃபாவும் அதே கதை. பொன்னியின் இயலில் நெஃப்யூவும் வருகிறதா?

பொன்னி:
வருகிறது. அதற்கும் மூலநூலில் ஒரே கலைச்சொல்தான்.

யாழ்:
இது எங்களுக்குப் புதுசு இல்லை. யாழ்ப்பாணத்தில் பேரன் என்றால் தாத்தா. மகனின் பிள்ளை பேரப்பிள்ளை. தமிழ்நாட்டில் அதே பேரன் கீழே இறங்கிவிட்டார்.

கரிசல்:
அப்போ அதற்குத் 'தலைமுறைமயக்கம்' என்று வையுங்கள். அங்கே உண்மையிலேயே கலத்தல்தான் நடக்கிறது, தலைமுறை என்று முன்னால் நிற்பதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஐயாவின் மயக்கமும் பிழைத்துக்கொண்டது.

தரவு:
மூலத்தில் ஒரு சொல், தமிழில் இரண்டா? சொல்லடைவில் எப்படிப் போடுவீர்கள்? எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 'முறைப்பெயர் ஒன்றாதல்' என்று பொதுவாக வைத்தால் இரண்டையும் மூடும்.

கரிசல்:
'ஒன்றாதல்' எதையும் மூடும். எது தொலைந்தது என்று சொல்லாதே.

பொன்னி:
எல்லோருக்கும் நன்றி. அங்கிள், ஆண்ட் வரும் இடங்களில் 'பக்கமழிவு', நெஃப்யூ வரும் இடங்களில் 'தலைமுறைமயக்கம்'. சொல்லடைவில் இரண்டையும் ஒரே பதிவின் கீழ் போடுகிறேன். தரவு சொன்ன திருத்தங்களையும் சேர்த்துவிட்டேன்.

நன்னூலான்:
அச்சேறட்டும். 'மருங்கழிவு' என்பதை அடிக்குறிப்பிலாவது போடுங்கள் அம்மா, மாற்றுக் கருத்து இருந்தது தெரிய வேண்டும். மரு என்ற வேரைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

தரவு:
கசின் எந்த இயலில் வருகிறது? லத்தீனில் கொன்சோப்ரீனுஸ் முதலில் தாயின் சகோதரி பிள்ளை, நம் கணக்கில் அண்ணன் தம்பி. இடைக்கால ஆங்கிலத்தில் சொந்தக்காரர் யாரையும் கசின் என்றார்கள். அதற்கு இந்த இரண்டு சொல்லும் ஆகாது.