பேக்கரில் இமேஜ் பில்ட் 29 நிமிஷம்: கடைசி 8 நிமிஷத்தைக் குறைக்க வழி?

பேக்கர் (மெஷின் இமேஜைத் தானாகக் கட்டும் கருவி), அதன் கியூஎம்யூ பில்டரில் (விர்ச்சுவல் மெஷினுக்குள் கட்டுவது) உபுண்டு 22.04 சிஐ ரன்னர் (கோடைத் தானாக பில்ட், டெஸ்ட் செய்யும் மெஷின்) இமேஜ் கட்டுகிறேன். ஒரு பில்டுக்கு 29 நிமிஷம்: ஆட்டோஇன்ஸ்டால் (உபுண்டுவைத் தானாக நிறுவுவது) 11, பேக்கேஜ்கள் 10, கடைசியில் சுருக்குவதற்கு 8. ஹோஸ்ட் 16 கோர், 64 ஜிபி ரேம், என்விஎம்இ எஸ்எஸ்டி, கியூஎம்யூ 6.2. டிஸ்க் 80 ஜிபி கியூகவ்2 (கியூஎம்யூவின் டிஸ்க் இமேஜ் ஃபார்மட்), அதில் டேட்டா 34 ஜிபி.

சுருக்கும்போது எச்டாப்பில் (சிபியு பயன்பாட்டைக் காட்டும் கருவி) நாலு கோர் மட்டும் முழுசாக ஓடுகிறது, மற்ற 12 சும்மா. என்விஎம்இ-யும் சும்மாதான்.

கேவிஎம் (விர்ச்சுவல் மெஷினை வேகமாக்கும் லினக்ஸ் கெர்னல் வசதி) ஓடுகிறது, சரிபார்த்தாச்சு. டிஸ்க் கேஷ் ‘அன்சேஃப்’ வைத்ததில் இன்ஸ்டால் 17-லிருந்து 11-க்கு இறங்கியது. உள்ளேயே ஆப்ட்-கேஷர்-என்ஜி (பேக்கேஜ்களைச் சேமித்துவைத்துத் தரும் கேஷ்) இருக்கிறது. டிடி கமாண்டால் காலி இடத்தில் ஜீரோ நிரப்புவதை நிறுத்தியாச்சு. காலி இடத்தையும் ஹோஸ்டில் எழுதித் தள்ளும் வெட்டி வேலை அது. பதிலுக்கு டிஸ்கார்ட் ‘அன்மேப்’, முடிவில் எஃப்எஸ்ட்ரிம் (காலி இடத்தை டிஸ்குக்குத் தெரிவித்து விடுவிக்கும் கமாண்ட்). சுருக்கும் கியூஎம்யூ-இமேஜ் கன்வெர்ட் கமாண்டில் ‘-எம் 16’ (ஒரே நேரத்தில் 16 வேலை) கொடுத்தும் நாலு கோரைத் தாண்டவில்லை. சுருக்காமல் விட்டால் 34 ஜிபியை ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் அனுப்ப வேண்டும், கட்டாது. எங்கள் எல்விஎம் (லினக்ஸின் டிஸ்க் பிரிக்கும் முறை) பிரிப்பு தனி என்பதால் ரெடிமேட் கிளவுட் இமேஜும் ஒத்துவராது.

கியூகவ்2-இன் வழக்கமான சுருக்க முறையான ஜிலிப்பை (zlib) விட்டு இசட்ஸ்டாண்டர்ட் (zstd) சுருக்கத்துக்கு மாறியவர்கள் யாராவது இருந்தால், இதே அளவு இமேஜுக்கு நேரம் எவ்வளவு குறைந்தது?