பிளேயரை மூடின பிறகும் அப்டேட்டர் ஓடுது, நெட் காலியாகுது: உதவி வேணும்

குலசேகரத்துக்காரன்:
அண்ணன்மாரே, மழை பிடிச்சா எங்க ஊர்ல கேபிள் நெட் நிக்காது. அதனால லேப்டாப்புக்கு போன் ஹாட்ஸ்பாட்தான், நாளுக்கு 1.5 ஜிபி. ஒரு வாரமா மத்தியானத்துக்குள்ள தீந்துருது. அப்பா பழைய பாட்டு கேக்க ஒரு மீடியா பிளேயர் போட்டுக் கொடுத்தேன். பிளேயரைத் திறக்காமலே அதுக்க அப்டேட்டர் (புது வெர்ஷனை இறக்குற புரோகிராம்) ஓடுது. டாஸ்க் மேனேஜர்ல எண்ட் டாஸ்க் கொடுத்தா போகும், கொஞ்ச நேரத்துல திரும்ப வந்து உக்காரும். லேப்டாப் ஆன் ஆகும்போது தானா ஓடுற ஸ்டார்ட்அப் லிஸ்டுலயும் டிசேபிள் பண்ணியாச்சு. விண்டோஸ் 10. வைரஸா?

மார்த்தாண்டம் சர்வீஸ்:
வைரஸ்னு பயப்படாண்டாம் தம்பி. அந்த வரியில ரைட் கிளிக் பண்ணி ஓபன் ஃபைல் லொக்கேஷன் கொடு. பிளேயர் ஃபோல்டர்ல இருக்கா, ப்ராப்பர்டீஸ்ல டிஜிட்டல் சிக்னேச்சர் (யார் செஞ்ச ஃபைல்னு காட்டுற முத்திரை) கம்பெனி பேர்ல இருக்கான்னு பாரு. அப்புறம் ரிசோர்ஸ் மானிட்டர்ல நெட்வொர்க் டேப். நெட்டைக் குடிக்கிறது இதுதானான்னு தெரிஞ்சிட்டு கை வை. பலநேரம் குற்றவாளி வேற ஆளா இருக்கும்.

ரப்பர்பால்:
அந்த ஃபைலையே அழிச்சு விடு, தீந்துச்சு.

மார்த்தாண்டம் சர்வீஸ்:
அழிச்சா சில பிளேயர் அடுத்த தடவை திறக்கும்போது புதுசா இறக்கிப் போடும். பின்னயும் நெட்டுதான் செலவு.

குலசேகரத்துக்காரன்:
பாத்தேன். சிக்னேச்சர் சரியா இருக்கு, நெட் இழுக்கதும் அதேதான். 200 எம்பி தாண்டிச்சு, நெட் கட் ஆச்சு, திரும்ப முதல்ல இருந்து தொடங்குது.

தக்கலை நெட்வொர்க்:
அதான் விஷயம். இறக்கி முடிச்சிருந்தா ஒரு தடவையோட போயிருக்கும். உங்க ஊரு சிக்னல்ல பாதியில அறுந்து அறுந்து தினமும் அதையே இறக்குது.

ஸ்டார்ட்அப் ஒரு வாசல்தான் தம்பி, இன்னும் ரெண்டு இருக்கு. சர்வீசஸ்ல (பின்னணியில ஓடுறதுக்க லிஸ்ட்) அந்த பேர்ல ஏதாவது ஆட்டோமேட்டிக்னு இருந்தா மேனுவலுக்கு மாத்து. குறிச்ச நேரத்துல புரோகிராமை ஓட்டி விடுற டாஸ்க் ஷெட்யூலர்லயும் பாரு. டிரிக்கர்ஸ் டேப்ல லாகான் ஆகும்போது, ஒவ்வொரு மணிக்கூருக்கும்னு எழுதியிருக்கும். நீ கொல்ல, அது எழுப்ப. டெலிட் வேண்டாம், டிசேபிள் போதும். விண்டோஸ் அப்டேட்ல மட்டும் கை வைச்சிராதே, கேட்டியா.

ஹாட்ஸ்பாட்டை மீட்டர்டு கனெக்‌ஷன்னு மாத்தி வை. அளவுள்ள நெட்டுன்னு தெரிஞ்சு விண்டோஸ் அடங்கும். எல்லா சாஃப்ட்வேரும் அதை மதிக்கும்னு சொல்ல முடியாது.

குலசேகரத்துக்காரன்:
கொள்ளாம் அண்ணே! ஷெட்யூலர்ல ரெண்டு கெடந்துச்சு. ரெண்டையும் டிசேபிள் பண்ணிட்டேன்.

குலசேகரத்துக்காரன் (ரெண்டு நாள் கழிச்சு):
திரும்ப வந்துட்டு. நேத்து அப்பா பாட்டு போட்டாரு, ராத்திரி பாத்தா ஷெட்யூலர்ல புதுசா ஒண்ணு.

தக்கலை நெட்வொர்க்:
பிளேயர் தானே திரும்ப எழுதி வச்சிருக்கு. முதல்ல அதுக்க செட்டிங்ஸ்ல ஆட்டோமேட்டிக் அப்டேட்டை எடு, பிறகு ஷெட்யூலர். முதல்லயே சொல்லாதது எனக்க பிழை.

மாசம் ஒருக்க நல்ல நெட் கிடைக்கிற இடத்துல பிளேயரைத் திறந்து நீயே அப்டேட் பண்ணு. கண்ட வாட்ஸ்அப் வீடியோவெல்லாம் அதுலதானே திறப்பீங்க, பழைய வெர்ஷன்ல பாதுகாப்பு ஓட்டை இருந்தா ஆபத்து. அது முடியாதுன்னா விஎல்சி பிளேயரைப் போட்டுக்கோ. புது வெர்ஷன் இருக்கான்னு பிளேயர் திறந்திருக்கும்போதுதான் பாக்கும், தனியா அப்டேட்டர் சர்வீஸ் கிடையாது.

குலசேகரத்துக்காரன்:
விஎல்சிக்கே மாத்திட்டேன். பழசை அன்இன்ஸ்டால் பண்ணினப்போ அப்டேட்டர் தனிப் பேர்ல லிஸ்டுல கெடந்துச்சு, அதையும் எடுத்தாச்சு. இன்னைக்கு ராத்திரி ஒம்பது மணிக்கு 700 எம்பி மிச்சம். அப்பாவுக்குத்தான் புது பிளேயர்ல சவுண்டு கூட்டுறது எங்கன்னு தெரியல்ல.