ஆம்னியின் கியர் பாக்ஸ் பின்முனை புஷ்ஷை வீட்டிலேயே மாற்றிய அனுபவம்

மாருதி ஆம்னி வேனை இன்னும் வைத்து ஓட்டுபவர்களில் பலர், கியர் பாக்ஸின் பின்முனையில் ஆயில் கசிந்தால் ஆயில் சீலை (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) மட்டும் மாற்றிவிட்டு, சில மாதங்களில் அதே கசிவோடு மறுபடியும் பட்டறைக்குப் போகிறார்கள். என் வண்டியிலும் அப்படித்தான் நடந்தது. சீலுக்கு உள்ளே இருக்கும் புஷ் என்ற உலோக வளையம் தேய்ந்து, கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டின் முன் யோக் (கியர் பாக்ஸுக்குள் செருகும் முனை) ஆடிக்கொண்டிருந்ததால், வண்டி உதறியதோடு, எத்தனை நல்ல சீலைப் போட்டாலும் அதன் உதடு ஒரே பக்கமாகத் தேய்ந்துவிட்டது.

இந்த ஷாஃப்டின் பின்முனை மட்டுமே டிஃபரன்ஷியலோடு (சுழற்சியை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பகுதி) போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். மேடு பள்ளத்தில் பின் ஆக்ஸில் ஏறி இறங்கும்போது நீளம் கூடிக் குறைய வேண்டியிருப்பதால், முன்முனையிலுள்ள யோக் கியர் பாக்ஸுக்குள் முன்னும் பின்னும் நழுவும்படி செருகப்பட்டிருக்கிறது. சுழன்றுகொண்டே நழுவும் அந்த யோக்கைச் சுற்றிலும் தாங்குவது மெல்லிய சுவருள்ள அந்தப் புஷ்தான். (மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை, அது முன் சக்கரங்கள் இழுக்கும் வண்டி.)

பழுது புஷ்ஷில்தான் என்று உறுதி செய்துகொள்ள இரண்டு சோதனைகள் போதுமானவையாக இருந்தன. உதறல் வரும் வேகத்தில் கிளட்சை மிதித்து எஞ்சின் சுழற்சியைக் குறைத்துப் பார்த்தபோதும் உதறல் நிற்காததால், காரணம் எஞ்சினில் இல்லை என்பது தெரிந்தது. பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, சீலை ஒட்டி யோக்கைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தபோது ப்ளே (தளர்ந்த ஆட்டம்) வெளிப்படையாகவே தெரிந்தது. யோக்கையும் ஷாஃப்டையும் இணைக்கும் கிராஸ் தேய்ந்திருந்தால் யோக் அசையாமல் நிற்க, ஷாஃப்ட் மட்டும் அசையும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் உதிரிப் பாகம் வாங்கப் போவது வீண்செலவு.

வண்டியைத் தூக்குவதில் ஒரு செய்தியை அழுத்தியே சொல்ல வேண்டும். கை பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. கியரில் போட்டு நிறுத்தினாலும் அந்தப் பிடி இதே ஷாஃப்ட் வழியாகத்தான் பின் சக்கரங்களுக்குப் போகிறது. ஆகவே பின்பக்கத்தைத் தூக்கி ஷாஃப்டையும் கழற்றிவிட்டால் இரண்டுமே உதவாது. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் வைக்கும் கட்டைகளும், ஆக்ஸிலுக்கு அடியில் வைக்கும் ஸ்டாண்டுகளுமே வண்டியை நிறுத்துகின்றன. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. பின்பக்கம் உயர்ந்திருப்பதால் ஆயில் கியர் பாக்ஸின் முன்புறம் ஒதுங்கி, கொட்டுவதும் குறைகிறது.

டிஃபரன்ஷியல் பக்கத்து போல்ட்டுகளைக் கழற்றும் முன், அங்கே ஒன்றோடொன்று இறுக்கப்படும் தட்டுகளான இரண்டு ஃபிளாஞ்சுகளிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுக்கொண்டேன். ஷாஃப்டைப் பழைய நிலையிலேயே திரும்பப் பூட்டினால்தான் அதன் பேலன்ஸ் மாறாது. பழைய சீலை நெம்பி எடுத்த பின், புஷ்ஷின் உள்விளிம்பில் கொக்கி போல மாட்டி இழுக்கும் குழாய் வடிவப் புல்லரை லேத் பட்டறையில் செய்து வாங்கி, அதைக் கொண்டு புஷ்ஷை வெளியே இழுத்தேன். ஹேக்சா பிளேடால் புஷ்ஷை அறுத்து எடுப்பவர்களும் உண்டு. புஷ் பொருந்தியிருக்கும் அலுமினிய ஹவுசிங்கில் ஒரு கீறல் விழுந்தாலும் பிறகு அதற்கு மருந்து கிடையாது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

புதிய புஷ்ஷைச் செருகும்போது அவசரம் ஆகாது. புஷ்ஷில் ஆயில் துளையோ காடியோ இருந்தால், ஹவுசிங்கில் ஆயில் வரும் வழிக்கு நேராக அது அமைய வேண்டும். துளை மூடிக்கொண்டால் புஷ் வறண்டு சீக்கிரமே தேயும். புஷ்ஷின் வெளிவிட்டத்துக்கு ஏற்ற தட்டையான உருளையை வைத்து, கோணாமல் சிறிது சிறிதாகத் தட்டி இறக்கினேன். சீலின் உதட்டில் கிரீஸ் தடவிப் பூட்டியதும், கோட்டைப் பார்த்து போல்ட்டுகளை இறுக்கியதும் சாதாரண வேலைதான். வண்டியைச் சமதரையில் இறக்கிய பின், நிரப்பும் துளையின் விளிம்பு வரை கியர் ஆயிலை நிரப்பினேன்.

இந்த வேலையில் இறங்குபவர்கள் யோக்கின் மேற்பரப்பை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகத்தில் தட்டும் அளவுக்குச் சீல் உதடு பதிந்த பள்ளம் இருந்தால், யோக்கையும் மாற்றாமல் கசிவு நிற்காது. புதிய புஷ் தட்டாமலேயே விரலால் அழுத்தியதும் உள்ளே போகிறது என்றால் ஹவுசிங்கே தேய்ந்திருக்கிறது; அந்த நிலையில் வீட்டில் செய்வதற்கு எதுவுமில்லை, ஹவுசிங்கை மாற்ற கியர் பாக்ஸ் வேலை தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.